கர்ப்பால் சிங் வென்ற இடம் நீதிமன்றமே

நடுவர் ஐயா அவர்களே, எதிரணித் தலைவர் அவர்களே, இரு அணியிலும் இருக்கும் தோழர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் பினாங்கு மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கறிஞராகவும் எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த நம் கர்ப்பால் சிங்கின் ஆற்றல் பெரிதும் வெளிப்பட்டது நாடாளுமன்றத்திலா, நீதிமன்றத்திலா? இதுதான் நமக்குக் கொடுத்த தலைப்பு. நாடாளுமன்றமே என்று எதிரணித் தலைவர் வாதாடிவிட்டு அமர்ந்திருக்கிறார். 1978 முதல் தொடர்ந்து ஐந்து தேர்தல்களில் பினாங்கின் ஜெலுத்தோங் தொகுதி மக்கள் அவரை அனுப்பி வைத்தார்கள் என்றார். 1999இல் தோற்றவரை 2004, 2008, 2013 என்று மூன்று முறை புக்கிட் குளுகோர் தொகுதி தூக்கி நிறுத்தியது என்றார். இஸ்லாமிய நாடு என்ற பேச்சு எழுந்தபோது 'என் பிணத்தின் மேல்தான்' என்று சொன்ன துணிச்சலைச் சொன்னார். கடைசியில் புலிக் கதையையும் எடுத்துவிட்டார். மண்டபம் அதிர்ந்தது, நானும்தான் கை தட்டினேன். 'நீங்கள் சிங்கமாக இருந்துகொள்ளுங்கள், நான் புலியாக இருக்கிறேன், மலேசியாவில் சிங்கமே கிடையாது' என்று மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் சாமிவேலுவிடம் அவர் அடித்த அந்தக் கிண்டலுக்குக் கை தட்டாதவர் இந்தத் தீவில் இருக்க முடியுமா?

ஆனால் நடுவர் ஐயா, புலி உறுமிய பிறகு அந்த அவையில் வாக்கெடுப்பு நடந்ததே, அதில் யார் வென்றார்கள் என்பதை எதிரணித் தலைவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். 1986 தேர்தலுக்குப் பிறகு 177 பேர் கொண்ட அவையில் கர்ப்பாலின் ஜனநாயக செயல் கட்சிக்கு 24 இடங்கள். அதைப் பெரிய வெற்றி என்று கொண்டாடினார்கள். 1995இல் 192 பேரில் ஒன்பது பேர். ஒன்பது! 2008 வரை ஆளும் தேசிய முன்னணியிடம் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை இருந்தது. அரசியலமைப்பையே மாற்றிக்கொள்ளலாம், இந்தப் பக்கம் யார் தொண்டை கிழியக் கத்தினாலும் நடப்பது நடந்துகொண்டே இருக்கும். கர்ப்பால் கத்தினார். இடைநீக்கம் செய்தார்கள். திரும்பி வந்து மறுபடியும் கத்தினார். அந்தத் துணிவை நான் ஒரு இம்மியும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் எதிர்த்ததால் நின்றுபோன மசோதா எது என்று கேட்டால் எதிரணி என்ன காட்டப்போகிறது?

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கட்சி அடையாளம் எதுவும் எனக்குக் கிடையாது. ஆனால் அந்தக் கூடத்தின் நடைமுறை தெரியும். அங்கே அரசாங்கத்தின் சார்பில் ஒருவர் எழுந்து நிற்பார், குற்றம் சாட்டப்பட்டவனின் சார்பில் இன்னொருவர் எழுந்து நிற்பார். அரசாங்கத்துக்கு 162 பேர் ஆதரவு, உனக்கு ஒன்பது பேர் ஆதரவு என்று நீதிபதி எண்ண மாட்டார். வக்கீல் ஒரு சட்டப் பிரச்சினையைக் கிளப்பிவிட்டால், அதை ஏற்கிறேன் என்றோ மறுக்கிறேன் என்றோ நீதிபதி சொல்லியாக வேண்டும், ஏன் என்று எழுதியாக வேண்டும். எழுதியதை இன்னொரு நீதிமன்றம் எடுத்துப் படிக்கும். சிறுபான்மையிலும் சிறுபான்மையாக நிற்கும் ஒரு மனிதன் ஒரு பெரிய அரசாங்கத்தை உட்காரவைத்துப் பதில் சொல்ல வைக்கக்கூடிய இடம் இந்த நாட்டில் அது ஒன்றுதான். கர்ப்பால் அந்த இடத்தை எப்படிப் பயன்படுத்தினார் என்பதே என் வாதம்.

அவருடைய பிறப்பு வளர்ப்பைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை, எதிரணியினர் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். 1940 ஜூன் 28ஆம் தேதி இதே ஜார்ஜ் டவுனில் பிறந்தவர். அமிர்தசரஸ் பக்கத்திலிருந்து வந்த தந்தை ராம் சிங் காவற்காரராகவும் மாடு வளர்த்தும் பிழைத்தவர். மகன் செயின்ட் சேவியர் பள்ளியில் படித்து, சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பை முடிக்க ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் ஒரு தேர்வில் தவறினால் வீட்டில் இடியை இறக்கும் பெற்றோர் இந்த ஏழு ஆண்டை மனத்தில் வைத்துக்கொண்டால் நல்லது. 1969இல் பினாங்கில் வழக்கறிஞரானார். அந்த ஆண்டு மே 13இல் கோலாலம்பூரில் நடந்த இனக்கலவரம் அவரை உலுக்கியது, அடுத்த ஆண்டே கட்சியில் சேர்ந்தார். ஆக, முதலில் வக்கீல், பிறகுதான் கட்சி உறுப்பினர்.

இங்கே எதிரணிக்குச் சாதகமான ஒன்றை நானே எடுத்துக் கொடுக்கிறேன், அவர்கள் ஏனோ தவறவிட்டுவிட்டார்கள். மலேசிய மக்கள்தொகையில் சீக்கியர்கள் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டமாட்டார்கள். சீக்கியர் வாக்கை மட்டும் நம்பி இந்த நாட்டில் எந்தத் தொகுதியிலும் டெபாசிட்கூட வாங்க முடியாது. ஆனாலும் 1974இல் கெடா மாநிலத்தில் அலோர் ஸ்டாரிலும், நான்கு ஆண்டு கழித்து ஜெலுத்தோங்கிலும் அவர் வென்றார். ஜெலுத்தோங்கில் சீனர்கள்தான் பெரும்பான்மை. இனம் பார்த்து வாக்குக் கேட்கும் அரசியலில் இது சாதாரணச் செய்தியா? இல்லவே இல்லை. ஆனால் ஏன் வாக்களித்தார்கள் என்று யோசியுங்கள். அவர் சீன மொழியில் அடுக்குமொழி பேசியா? காவல் நிலையத்தில் பிள்ளை மாட்டிக்கொண்டால் இரவில் யாரைத் தேடிப் போகலாம் என்று தெரிந்து வாக்களித்தார்கள். வக்கீல் கர்ப்பாலைப் பார்த்த கண்தான் வேட்பாளர் கர்ப்பாலுக்கு முத்திரை குத்தியது. அவருடைய தேர்தல் வெற்றிக்கே விதை நீதிமன்றத்தில் விழுந்தது என்கிறேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நடுவர் ஐயா மணியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

1987 அக்டோபர் 27. ஓப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், நாம் சுருக்கமாக இசா என்று சொல்வோமே, அந்தச் சட்டத்தின்படி நூறு பேருக்கு மேல் பிடித்து உள்ளே போட்டார்கள். விசாரணை கிடையாது. உள்துறை அமைச்சர் கையெழுத்துப் போட்டால் இரண்டு ஆண்டு கமுந்திங் தடுப்பு முகாம், வேண்டுமானால் நீட்டித்துக்கொள்ளலாம். அப்போது உள்துறை அமைச்சர் யார்? பிரதமர் மகாதீரேதான். கர்ப்பால் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். எதிரணி நண்பர்களே, அந்தப் பதவி அவரைக் காப்பாற்றியதா? கட்சியின் தலைவர்களையே கூண்டோடு அள்ளிக்கொண்டு போனபோது அந்த அவையால் என்ன செய்ய முடிந்தது?

கர்ப்பால் நீதிமன்றத்துக்குப் போனார். ஈப்போ உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. அமைச்சரின் காரணப் பட்டியலில் ஆறு குற்றச்சாட்டுகள் இருந்தன. அந்த ஆறில் ஒன்றை அவர் பிடித்துக்கொண்டார். ஒரு கூட்டத்தில் இப்படிப் பேசினார் என்று அதில் எழுதியிருந்தார்கள். அப்படி ஒரு பேச்சை அவர் பேசவே இல்லை. அரசுத் தரப்பே அது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பேசாத பேச்சுக்காக ஒரு மனிதனை அடைத்து வைக்க முடியுமா என்ற கேள்வி நீதிபதி பே சுவீ சின் முன்னால் வந்தது. 1988 மார்ச் 9ஆம் தேதி, தடுப்புக் காவல் செல்லாது, விடுதலை செய்யுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார்.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அன்றே, சில மணி நேரத்துக்குள், மறுபடியும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் ஈப்போத் தீர்ப்பையும் மாற்றிவிட்டது. 1989 ஜனவரியில்தான் அவர் வெளியே வந்தார்.

எதிரணித் தங்கை சிரிக்கிறார். 'பார்த்தீர்களா அம்மா, நீதிமன்றத்தில் தோற்றுவிட்டாரே' என்பது அந்தச் சிரிப்பின் பொருள். பொறுங்கள் தங்கையே, கதை முடியவில்லை. அதே 1989இல் அரசாங்கம் இசா சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. தடுப்புக் காவல் ஆணையை நடைமுறைப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மேல் எந்த நீதிமன்றமும் ஆராயக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிக் கதவைச் சாத்தியது. ஏன்? எந்த அரசாங்கமாவது திறக்காத கதவுக்குப் பூட்டு வாங்குமா? ஈப்போவில் ஒரு கைதி அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்தார், அது அசைந்தது. இன்னொருவன் தள்ளினால் திறந்துவிடும் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தைவிட ஒரு வழக்கறிஞருக்குப் பெரிய நற்சான்றிதழ் வேண்டுமா?

அந்தப் பூட்டைப் போட்ட இடம் எது? நாடாளுமன்றம். அப்போது கர்ப்பால் முகாமிலிருந்து வெளியே வந்து அவை உறுப்பினராகவே இருந்தார். தனியாளாக நீதிமன்றத்தில் அசைக்க முடிந்ததை, அவையில் பெரும்பான்மை வந்து மூடியபோது அவரால் தடுக்க முடியவில்லை. அவருடைய ஆற்றல் எங்கே வேலை செய்தது, எங்கே வேலை செய்ய விடவில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்றை நான் எங்கே போய்த் தேடுவேன்?

1988இல் நீதித்துறையே முடமாக்கப்பட்டதே, தலைமை நீதிபதி சாலே அபாஸையே பதவியிலிருந்து நீக்கினார்களே என்று எதிரணித் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அந்த அடிக்குப் பிறகு நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் குனிந்தே இருந்தன என்பதை அந்தக் கூடத்துக்குள் சம்பளம் வாங்கிய நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் யோசியுங்கள், ஓர் அரசாங்கம் ஏன் நீதிபதிகளோடு மல்லுக்கட்டியது? எதிர்க்கட்சி வரிசையை அவர்கள் எண்ணிக்கையால் அடக்கிவிட்டார்கள். அடக்க முடியாமல் மிச்சம் இருந்தது இந்த இடம்தான்.

இனி தூக்குமேடை. 1983 முதல் போதைப்பொருள் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை. 15 கிராம் ஹெராயின் கையில் இருந்தால் கடத்தல்காரன் என்று சட்டமே முடிவு கட்டிவிடும், இல்லை என்று நிரூபிப்பது பிடிபட்டவன் வேலை. அப்போது நீதிபதிக்கு வேறு தண்டனை கொடுக்க அதிகாரம் இருக்கவில்லை. இப்படிப்பட்ட வழக்குகளில் பெரும்பாலான வக்கீல்கள் பாதி வழியிலேயே கை கழுவிவிடுவார்கள். கர்ப்பால் வாழ்நாள் முழுவதும் அவற்றை எடுத்து நடத்தினார். பினாங்கு விமான நிலையத்தில் பிடிபட்ட நியூசிலாந்துத் தாயும் மகனும் உங்களுக்கு நினைவிருக்கலாம். 1987இல் தாய்க்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். 1989இல் மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 1996இல் மன்னிப்புப் பெற்று ஊர் போய்ச் சேர்ந்தார். வாதாடியவர் கர்ப்பால் சிங்.

ஆனால் ஆஸ்திரேலியர் கெவின் பார்லோவைக் காப்பாற்ற முடியவில்லையே என்று எதிரணித் தலைவர் சொன்னார். முடியவில்லை. பார்லோவும் அவருடைய கூட்டாளி சேம்பர்ஸும் 1986 ஜூலை 7ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஆஸ்திரேலியப் பிரதமர் பாப் ஹாக் அதைக் காட்டுமிராண்டித்தனம் என்றார், இரு நாட்டு உறவே கசந்தது. ஒரு வெளிநாட்டுப் பிரதமரின் குரலே எடுபடாத இடத்தில், அரசியல் பேச்சால் அந்த இருவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று எதிரணி நம்புகிறதா? கடைசி நாள் வரை அவர்களுக்கு இருந்த ஒரே வழி மனுவும் மேல்மனுவும்தான்.

இந்தப் பகுதியில் எதிரணிக்கு ஒரு மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன், நடுவர் ஐயா குறித்துக்கொள்ளலாம். கட்டாய மரண தண்டனை கடைசியில் ஒழிந்தது நாடாளுமன்றத்தில்தான், 2023இல். நீதிபதிகள் இப்போது வேறு தண்டனையும் கொடுக்கலாம். இசா சட்டமும் 2012இல் அதே அவையில்தான் நீக்கப்பட்டது. இருந்தாலும் 2023இல் கை தூக்கிய உறுப்பினர்களுக்கு, அந்தச் சட்டம் எப்படி அப்பாவிகளையும் அடியாட்களையும் ஒரே கயிற்றில் தொங்கவிடுகிறது என்பது எங்கிருந்து தெரிந்தது? நாற்பது ஆண்டு வழக்குக் கட்டுகளிலிருந்து. அந்தக் கட்டுகளில் கர்ப்பாலின் கையெழுத்து இருக்கிறது. மதிப்பெண்ணில் பாதியைத் திருப்பிக் கொடுங்கள்.

'என் பிணத்தின் மேல்தான்' என்ற வாக்கியத்துக்கு வருகிறேன். அரசியல் மேடையில் சொன்னது, மறுக்கவில்லை. ஆனால் பிற்காலத்தில் இதே வாதத்துக்கு அவர் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டியது எதை? நாட்டின் சட்டம் மதச்சார்பற்றது என்று சாலே அபாஸ் தலைமையில் உச்ச நீதிமன்றம் 1988இல் கொடுத்த தீர்ப்பை. அவருடைய மிகப் பெரிய அரசியல் முழக்கமே ஒரு தீர்ப்பின் மேல் கால் ஊன்றி நின்றது. அரசியல் என்ன செய்தது? இஸ்லாமிய நாடு கேட்ட பாஸ் கட்சியோடு கூட்டணி சேர்ந்தது, 2001இல் பிரிந்தது, 2008இல் மறுபடியும் சேர்ந்தது. கூட்டணிகள் மாறின, அவர் கையில் இருந்த தீர்ப்பு மாறவில்லை.

எதிர்க்கட்சிக் கூட்டணித் தலைவராக இருந்த அன்வார் இப்ராகிமை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணி இந்தப் பெயரையே தொடவில்லை, காரணம் புரிகிறது. அரசியலில் கர்ப்பாலுக்கும் அன்வாருக்கும் எத்தனை உரசல்! 2009இல் பேராக் மாநிலக் கூட்டணி அரசு கட்சித் தாவல்களால் கவிழ்ந்தபோது, முதலில் தாவலை ஊக்குவித்தது நீங்கள்தானே என்று அன்வாரைக் கர்ப்பால் வெளிப்படையாகவே வறுத்தெடுத்தார். கூட்டணித் தலைவர் என்றும் பார்க்கவில்லை. மற்ற தலைவர்கள் சங்கடத்தில் நெளிந்தார்கள். அரசியலில் அவர் தனியாள். எதிரிகளுக்கும் பிடிக்காது, சில நாள்களில் நண்பர்களுக்கும் பிடிக்காது.

அதே அன்வார் கூண்டில் நின்றபோது பக்கத்தில் நின்றவர் யார்? 1999 செப்டம்பரில் அன்வாரின் உடலில் ஆர்செனிக் நஞ்சு இருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்தபோது, உயர்ந்த இடத்தில் இருப்பவர்கள் பின்னணியில் இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன் என நீதிமன்றத்திலேயே எழுந்து சொன்னார். அதற்காக 2000 ஜனவரியில் அவர் மேலேயே தேச நிந்தனைக் குற்றச்சாட்டு. தம்மை நம்பி வந்தவருக்காக நீதிமன்றத்தில் பேசிய வார்த்தைக்காக வழக்கறிஞர் மேல் வழக்கா என்று உலகமெங்கும் வழக்கறிஞர் சங்கங்கள் கொதித்தன. இரண்டு ஆண்டு இழுத்துவிட்டு 2002இல் அரசே வழக்கைக் கைவிட்டது. நாடாளுமன்றத்தில் அவர் எத்தனையோ பேசினார், அதிகபட்சம் இடைநீக்கம். நீதிமன்றத்தில் பேசிய சில வரிகளுக்குக் குற்றப்பத்திரிகை. அவையில் பேச்சுக்குச் சிறப்புரிமை உண்டே என்பீர்கள். 1971 திருத்தத்துக்குப் பிறகு சில பொருள்களில் அந்தச் சிறப்புரிமையும் பறிபோய்விட்டது என்பதைச் சட்டம் படித்தவர்கள் அறிவார்கள். எந்தச் சொல்லுக்கு அதிகாரம் நடுங்கியது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இந்த இடத்தில் மலேசிய இந்தியர் உரிமைக்காக எழுந்த இண்ட்ராப் இயக்கத்தைப் பேசாமல் போனால் நம் மக்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 2007 நவம்பரில் கோலாலம்பூரில் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். டிசம்பரில் வழக்கறிஞர்கள் உள்ளிட்ட ஐந்து தலைவர்களை இசா சட்டத்தில் பிடித்தார்கள். அவர்களுக்காக ஆட்கொணர்வு மனுவை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை கொண்டு சென்று வாதாடியவர் கர்ப்பால். அப்போது அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். 2005 ஜனவரியில் அவர் போய்க்கொண்டிருந்த டாக்சியைப் பின்னாலிருந்து ஒரு கார் மோதி, எழுந்து நடக்க முடியாதபடி ஆகிவிட்டது. நம்மவர் ஐவருக்காக ஒரு பஞ்சாபி மனிதர் நாற்காலியில் உருண்டு வந்து வாதாடினார். மனு தள்ளுபடியானது, ஒப்புக்கொள்கிறேன். 'ஆனால் ஐவரில் ஒருவரான மனோகரன் உள்ளே இருந்தபடியே 2008 தேர்தலில் கோத்தா ஆலம் ஷாவில் வென்றாரே, மக்கள் மன்றம் கொடுத்ததல்லவா அந்த வெற்றி' என்று எதிரணி கேட்கும். கேளுங்கள். வென்ற பிறகு கமுந்திங் கதவு திறந்ததா? சட்டமன்ற உறுப்பினர் மனோகரன் ஓராண்டுக்கு மேல் உள்ளேயே கிடந்தார். வாக்குச்சீட்டும் அந்த ஆண்டு தோற்றது, மனுவும் தோற்றது. இதில் எந்தப் பக்கமும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

இனி 2009. பேராக்கில் சுல்தான், மந்திரி புசாராக, அதாவது முதலமைச்சராக இருந்த நிசாரைப் பதவி விலகச் சொல்லிவிட்டார். பிப்ரவரி 6ஆம் தேதி கர்ப்பால் செய்தியாளர்களைக் கூட்டிச் சொன்னது என்ன? சுல்தானின் முடிவை நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்தலாம் என்றார். அதைக் கவனியுங்கள். தெருவில் இறங்குங்கள் என்று சொல்லவில்லை, அவையைக் கவிழ்ப்போம் என்று சொல்லவில்லை, நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றார். அதுதான் தேச நிந்தனையாம்! மார்ச் மாதம் குற்றம் சாட்டினார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே ஓர் இளைஞர் கூட்டம் அவருடைய சக்கர நாற்காலியை மறித்துக்கொண்டு கூச்சலிட்டது. எதிரணி போற்றும் அந்த மன்றத்தில் அவருக்குக் கிடைத்த மரியாதை அது.

அடுத்து வந்த ஐந்தாண்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2010இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 2014 பிப்ரவரியில் குற்றவாளி என்றார்கள். மார்ச் 7ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அன்வாருக்காக வாதாடித் தோற்றார், அன்வாருக்கு ஐந்து ஆண்டுச் சிறை. நான்கு நாள் கழித்து அவருக்கே தண்டனை, 4,000 ரிங்கிட் அபராதம். 2,000 ரிங்கிட்டும் அதற்கு மேலும் அபராதம் என்றால் நாடாளுமன்றப் பதவி போய்விடும், மேல்முறையீடு முடியும்வரைதான் தாங்கும். கட்சியின் தேசியத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகி நின்றார். அப்போது வயது 73. உடம்பு பாதி செயலிழந்துவிட்டது. தமக்கே தண்டனை விழுந்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் வழக்குக் கட்டுகளை ஜூனியரிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்திருப்பார்கள்.

ஏப்ரல் 17ஆம் தேதி அதிகாலை ஒரு மணி கடந்து, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கம்பார் அருகே அவர் போன வாகனம் லாரியில் மோதியது. அவரும், அவருக்குக் கை காலாக இருந்த உதவியாளரும் அங்கேயே இறந்துபோனார்கள். அந்த நள்ளிரவில் அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார்? அரசியல் கூட்டத்துக்கா? விடிந்தால் பினாங்கில் ஒரு வழக்கு இருந்தது.

நடுவர் ஐயா மணி அடித்துவிட்டார். இரண்டு நிமிடம் கொடுங்கள், இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

மே 25ஆம் தேதி புக்கிட் குளுகோரில் இடைத்தேர்தல் நடந்தது. மகன் ராம்கர்ப்பால் 41,000க்கும் மேல் வாக்குகள் வாங்கி வென்றார். 38 நாளில் அந்த நாற்காலி நிரம்பிவிட்டது. மக்கள் அன்பின் அடையாளம் அது, சந்தேகமில்லை. இன்னொரு மகன் கோபிந்த் 2018இல் இந்த நாட்டின் முதல் சீக்கிய அமைச்சரானார், அதுவும் பெருமைதான். ஆனால் கர்ப்பால் மேல் இருந்த குற்றவாளி என்ற முத்திரை? அதைத் தேர்தலில் வாங்கிய எந்தப் பெரும்பான்மையாலும் துடைக்க முடியாது. அவருடைய மனைவி குர்மித் கவுர் விடவில்லை. இறந்தவரின் சார்பில் மேல்முறையீட்டைத் தொடர்ந்து நடத்தினார். 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்து, அபராதத்தை மட்டும் 1,800 ரிங்கிட்டாகக் குறைத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்தத் தொகைக்கு அவருடைய பதவி போயிருக்காது. உயிரோடு இருந்திருந்தால் உறுப்பினராகவே தொடர்ந்திருப்பார். குடும்பம் அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. 2019 மார்ச் 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் தண்டனையையே ரத்து செய்து அவரை விடுவித்தது. சுல்தானின் முடிவை நீதிமன்றத்தில் கேட்கலாம் என்று ஒருவர் சொன்னது குற்றம் இல்லை என்று, அவர் இறந்து ஐந்தாண்டு நெருங்கும்போது, எந்த நீதிமன்றத்தை அவர் நம்பினாரோ அதே நீதிமன்றம் சொன்னது. தேச நிந்தனைச் சட்டம் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதை எடுப்பதற்கு எதிரணியின் மன்றத்துக்கு இன்றுவரை நேரம் கிடைக்கவில்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கைக்கு ஒரு வேண்டுகோள். 1989இல் அந்தத் திருத்தச் சட்டம் எந்த மன்றத்தில் நிறைவேறியது, எந்த மன்றத்தைக் கட்டிப்போடுவதற்காக நிறைவேறியது என்பதை முதலில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.